அரங்கேறுமுன் ஆராய்தல்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கணினித் திரையில் ஓவியமும் இசையும் துணைநிற்க, வாசகர் வரிவரியாகப் படித்துச் செல்லும் கதைவடிவம் காட்சிப் புதினம் எனப்படுகிறது. கதைமாந்தர் அடுத்து என் செய்வது என்பதை இடையிடையே வாசகரே தேர்கிறார். தேர்வுக்கேற்பக் கதை கிளைக்கிறது. ஜப்பானில் 1980களில் வேர்விட்ட இவ்வடிவம், 2004இல் வெளிவந்த ரென்பை போன்ற கட்டற்ற மென்பொருள்களால் தனியொருவர் கைக்கும் எட்டியது.

டொராண்டோவில் ஒரு சிறு குழு உருவாக்கி 2023இல் வெளியிட்ட 'வெண்பா' இதற்கு நெருங்கிய உறவுடையது. கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய் ஒருத்தி, சிதைந்த சமையற்குறிப்பு ஏட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் சமைக்கிறாள். விடுபட்ட படிகளை ஆடுபவரே உய்த்துணர வேண்டும். மகன் தாய்மொழியை விட்டு விலகுவதும் அதனை நாடி மீள்வதுமே அதன் உயிர். 2024இல் அது பாஃப்டாவின் சிறந்த முதற்படைப்பு விருதைப் பெற்றது.

இத்தகைய படைப்பாளிகள் பாதி முடிந்த நிலையிலேயே ஆக்கத்தைப் பிறர்க்குக் காட்டிக் கருத்துக் கேட்பர். அவ்வேளையில் சொல்லப்படும் சொல் ஒரு படைப்பை நிமிர்த்தவும் கூடும், முடக்கவும் கூடும். 'மிக நன்று' என்னும் வாய்ப்புகழ்ச்சி எதையும் திருத்தாது. 'இது இலக்கியமன்று' என்னும் தீர்ப்போ எழுதுகோலையே கீழே வைக்கச் செய்துவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி எது?

நெமிலிக்கு அண்மையிலுள்ள காஞ்சிக் குமரகோட்டம் அதற்கு விடை தருகிறது. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அங்கு அரங்கேற்றியபோது, 'திகழ்', 'தசம்' என்னும் சொற்கள் முதற் பாட்டிற் புணர்ந்த முறைக்கு இலக்கண விதி ஏது என அவையில் ஒருவர் தடை எழுப்பினார் என்பது மரபுச் செய்தி. மறுநாள் வீரசோழியத்தில் அவ்விதி காட்டப்பெற்றதாம். தடை கூறியவர் நூல் முழுவதையும் பழிக்கவில்லை. ஐயம் எழுந்த இடத்தைச் சுட்டினார், காரணத்தைக் கேட்டார், விடைக்குக் காலம் தந்தார். சைவ நூலுக்குக் கைகொடுத்ததும் பௌத்தர் இயற்றிய இலக்கணமே. புதிய கலைக்குப் பழம்புலமை உதவுமா என்று ஐயுறுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

நன்னூல் வகுத்த பத்துக் குற்றங்களும் இங்கு உரைகல்லாகும். எதைத் தேர்ந்தாலும் அதே காட்சி வருமாயின், அத்தேர்வு 'நின்று பயனின்மை'. ஒரு கிளையில் இறந்த பாட்டி மறு கிளை கூடியபின் பேசுவாளாயின் 'மாறுகொளக் கூறல்'. ஓவியத்தில் மழை பெய்து நிற்க, உரையும் மழையையே வருணித்தால் 'மிகைபடக் கூறல்'. தொடக்கம் செறிந்து முடிவு மெலிந்தால் 'சென்று தேய்ந்து இறுதல்'. பத்து இடங்களில் இரண்டிரண்டு தேர்வு வைத்து ஒவ்வொன்றையும் தனியே கிளைக்கவிட்டால் 1,024 முடிவுகள் எழுத வேண்டிவரும். எனவே கிளைகள் மீண்டும் ஒன்றுகூடியே தீரும். கூடுமிடத்திலேதான் பிழை பதுங்கும். ஆராய்வோர் ஒரு வழியே படித்து அமையாது, மறு வழியும் சென்று பார்த்தல் கடன்.

தமிழுக்கே உரிய இடர்களும் உண்டு. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும்படி அமைத்தால், 'கி' என்பதில் ககரம் முன்னும் மேல்விலங்கு பின்னுமாக வரக்கூடும். கணினி அதனை இரு குறியீடுகளாகவே கொள்கிறது. 'கொ', 'கோ' ஆகியவற்றிற் கொம்பு இடம் மாறி நிற்பதும் உண்டு. அசை பிரித்துப் பழகிய கவிஞர் கண்ணுக்கு இவை உடனே புலனாகும்.

கருத்துரைக்கும் முறைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். படைப்பாளி எதை நாடுகிறார் எனக் கேட்பது முதற்படி. எந்த வரியில் மனம் ஒன்றியது, எந்த வரியில் சலித்தது என உள்ளவாறு உரைப்பது அடுத்தது. கட்டமைப்பை முதலிலும் ஒற்றுப்பிழையை இறுதியிலும் சொல்லுதல் நன்று. நீக்கப்படவுள்ள காட்சிக்குச் சந்தி திருத்துவதால் பயனில்லை. குறையைச் சுட்டியபின், தீர்வைப் படைப்பாளியிடமே விடுதல் வேண்டும். தீர்வையும் திறனாய்வாளரே எழுதினால் படைப்பு அவருடையதாகிவிடும்.

இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் பதனிடுவோர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. சுண்ணாம்பு நீரில் உரிய காலத்திற்குக் குறைவாக ஊறினால் மயிர் கழலாது. மிகுந்து ஊறினால் தோலின் நாரே தளர்ந்துபோம். திறனாய்வும் அவ்வாறே. வளரும் படைப்பு பச்சைத்தோல். அதற்கு வேண்டுவது பதம் அறிந்த கை.

இளைஞர் ஒருவர் பாதி முடிந்த ஆக்கத்தை ஏந்தி இவ்வவைக்கு வருவாராயின், அக்கை அவருக்குக் கிட்டுவதாக.