கான்கூன் கடற்கரையில் நம்ம ஊர் வாசனை
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வெளிநாடு போயிட்டு வந்ததைப் பத்தி ஜாலியா பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் சார் போனில் சொன்னார். ஜாலியாகத்தான் ஆரம்பிக்கிறேன். கடைசி வரைக்கும் அப்படியே போகும் என்று உத்தரவாதம் தர முடியாது.

2023 மே மாதம் எங்கள் கம்பெனி என்னையும் நம் கல்லூரி சீனியர் ஒருவரையும் மெக்சிகோவில் லியோன் என்ற ஊருக்கு அனுப்பியது. கழிவுச் சேற்றைப் பிழிந்து கட்டியாக்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டும் வேலை. லியோனைப் பற்றி உங்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆம்பூரைப் பல மடங்கு பெரிதாக்கினால் லியோன். தோலும் ஷூவும்தான் பிழைப்பு. வேலை முடிந்து நான்கு நாள் மிச்சம் இருந்தது. சீனியர், "டேய், இவ்ளோ தூரம் வந்துட்டு கான்கூன் பாக்காம போனா வீட்ல சோறு போட மாட்டாங்கடா" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கான்கூன், கரிபியன் கடல் ஓரத்தில் இருக்கிற உல்லாச நகரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நிச்சுப்தே என்ற உப்பங்கழி, நடுவில் 7 என்ற எண்ணைப் போல வளைந்த ஒல்லியான மணல் திட்டு. இருபது கிலோமீட்டருக்கு மேல் வரிசையாக ஹோட்டல்கள். தண்ணீர் நிறம் சினிமாவில் கலர் ஏற்றினது மாதிரி இருக்கிறது. மணல் வெள்ளை வெளேரென்று, நண்பகலிலும் கால் சுடுவதில்லை. சிப்பியும் பவளமும் சுண்ணாம்பும் பொடியான மணல் அது. அதனால் ஒருத்தர் காலிலும் செருப்பு இல்லை! ஆம்பூர்க்காரன் பிழைப்புக்கு ஆகாத ஊர் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

1970 வாக்கில் அந்த இடத்தில் சுமார் நூறு பேர்தான் இருந்தார்களாம். அந்நியச் செலாவணி வேண்டும் என்று மெக்சிகோவின் மத்திய வங்கி அதிகாரிகள் கணக்குப் போட்டு, இடம் பார்த்து, காட்டை வெட்டிக் கட்டிய ஊர் அது. முதல் ஹோட்டல்கள் 1974இல் திறந்தன. 2020 மக்கள்தொகைக் கணக்கில் ஏறத்தாழ 9 லட்சம் பேர். ஹோட்டலில் படுக்கை விரிப்பவர்களும் சமையல்காரர்களும் உள்ளே தள்ளி இருக்கும் பழைய டவுனில் குடியிருந்து, தினமும் பஸ் பிடித்து வந்து போகிறார்கள்.

அந்த மணலுக்கும் ஒரு கதை உண்டு. 2005 அக்டோபரில் வில்மா என்ற புயல் இரண்டு நாளுக்கு மேல் அங்கேயே உட்கார்ந்து மணலை வாரிக்கொண்டு போய்விட்டது. ஹோட்டல் வாசலில் வெறும் பாறை. அடுத்த ஆண்டு கடலடியிலிருந்து மணலை உறிஞ்சி எடுத்துக் கரையில் கொட்டினார்கள். அதுவும் கரைய, சில ஆண்டுகளில் மறுபடியும் கொட்டினார்கள். நாம் பாலாற்று மணலை லாரியில் ஏற்றி அனுப்பியதை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும், தூக்கத்தில் ஒரு நாற்றம். அழுகின முட்டை நாற்றம். ஒரு நிமிஷம் வீட்டில் படுத்திருக்கிறேன் என்றே நினைத்தேன். ஜன்னலைத் திறந்தால் கடற்கரை முழுக்கப் பழுப்பு நிறத்தில் பாசி, முழங்கால் உயரத்துக்குக் குவியல். சர்காசம் என்று பெயர். 2014, 2015 ஆண்டுகளிலிருந்து கோடைக்குக் கோடை அட்லாண்டிக்கிலிருந்து மிதந்து வந்து ஒதுங்குகிறது. அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. நம் சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீரில் அமிலம் கலந்தால் கிளம்புமே, அதே வாயு.

கீழே இறங்கிப் போனேன். முப்பது நாற்பது ஆட்கள், விருந்தாளிகள் எழுந்து வருவதற்குள் வாரித் தள்ளிவிட வேண்டும் என்று வாரியும் தள்ளுவண்டியுமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். வாயில் துணி கட்டிய பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்து, மூக்கைப் பிடித்துக் காட்டினார். திறந்த வெளி, நல்ல காற்று, ஆளுக்கு ஆபத்து வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கால் நகரவில்லை.

இதுவரை மேடையில் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். படிப்பு முடிந்து முதல் வேலை, நம் பக்கத்து டேனரி ஒன்றில். எனக்கு 22 வயது. கழிவுநீர்த் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டது. காலையில் நாற்றம் தாங்கவில்லை. பத்து மணி சுமாருக்கு, என்னைவிட இருபது வயது மூத்தவர், வந்து சொன்னார்: "நாத்தம் கம்மியாய்ட்சு சார், எறங்கட்டா?" எனக்கும் அப்போது நாற்றம் தெரியவில்லை. "சரிண்ணா" என்றேன்.

தம்பிகளே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். இந்த வாயு கொஞ்சமாக இருந்தால்தான் நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும். வாயு கூடியிருப்பதை மூக்கு "குறைந்துவிட்டது" என்று சொல்லும். இன்னும் கூடினால் சில மூச்சுதான். அவர் ஏணியில் நாலாவது படி தாண்டவில்லை. அவரைத் தூக்க இறங்கப் போன இன்னொருவரை நாங்கள் மூன்று பேர் கட்டிப் பிடித்து நிறுத்தினோம். பெட்டிக்கடை வரைக்கும் அவர் சம்சாரம் ஓடி வந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அன்று விசாரித்தவர்கள் யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் 1996இலும், மறுபடி 2025 ஜனவரியிலும் தீர்ப்பு சொன்னது. ஆறு பற்றி நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். தொட்டிக்குள் இறங்குகிறவரைப் பற்றிப் பேச்சு குறைவு.

சீனியர் ஒன்பது மணிக்கு எழுந்து வந்தபோது கடற்கரை துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. "என்னடா, நாத்தம்னு சொன்ன?" என்றார். அப்புறம் அவரோடு போய் சிசேன் இட்சா கோபுரம் பார்த்தோம், ஹபனேரோ மிளகாயைக் கடித்து இருவரும் கண்ணீர் விட்டோம், மிளகாய்த்தூள் தூவிய புளி மிட்டாய் வாங்கினோம். போட்டோ எல்லாம் செல்போனில் இருக்கிறது, கேட்டால் காட்டுகிறேன்.

மேசை மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறேன். சட்டையில் மாட்டிக்கொள்ளும் வாயுமானி. சுமாரான செல்போன் விலைதான். மூக்கு ஏமாந்தாலும் இது கத்தும். கடைசி வருஷ மாணவர்கள் கையில் எடுத்துப் பாருங்கள், பொத்தானை அழுத்திச் சத்தத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்துக்கே விட்டுவிட்டுப் போகிறேன், பேட்டரி மாற்றுவது உங்கள் பொறுப்பு.

பிரியாணி வாசனை வந்துவிட்டது. கத்திரிக்காய் தீர்வதற்குள் நிறுத்திக்கொள்கிறேன்.