புகையாத சுடர்



இருள் நீங்குவதற்கென்றே விளக்கு ஏற்றப்படுகின்றது. ஏற்றிய விளக்கே கரும்புகை கக்கிச் சுவரையும் கூரையையும் கறைப்படுத்தி, அருகிலிருந்து படிக்கும் பிள்ளையின் மூச்சிலும் கலக்குமாயின், அவ்விளக்கால் விளையும் நன்மை குறைந்துவிடுகின்றது. இக்குறை விளக்கினுடையதன்று, பெரும்பாலும் அதனை ஏற்றும் முறையினுடையது.

விளக்கின் அருமையை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் நன்கு அறிவர். 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் இங்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. அந்நாளில் வீடுதோறும் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கே மண்ணெண்ணெய் வார்த்து, நடுவே சிறுதிரியொன்றை நிறுத்தினர். போத்தலின் கண்ணாடி காற்றைத் தடுத்தது. சிறுதிரி எண்ணெயை மிச்சப்படுத்தியது. அம்மங்கிய ஒளியிலேதான் ஒரு தலைமுறை மாணவர் பாடம் படித்தனர்.

காற்றுத் தாக்காத இடம், சிறிய திரி ஆகிய இவ்விரண்டும் மெழுகுதிரிக்கும் பொருந்தும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத முடிவில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, பல வீடுகளுக்கு மெழுகுதிரியே மீண்டும் துணையாயிற்று. ஆதலின் அதனைத் தூய்மையாக எரிக்கும் வகையை அறிந்துகொள்ளுதல் நன்று.

மெழுகுதிரியில் எரிவது யாது? உருகிய மெழுகு திரியின் வழியே மேலேறி, வெப்பத்தால் ஆவியாகின்றது, அவ்வாவியே எரிகின்றது. ஆங்கில விஞ்ஞானியான மைக்கேல் பரடே 1860ஆம் ஆண்டு முடிவிலும் 1861ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் இலண்டனிற் சிறுவர்களுக்காக ஆறு விரிவுரைகள் நிகழ்த்தி, ஒரு மெழுகுதிரியைக் கொண்டே இத்தகைய உண்மைகளை விளக்கினார். சுடருக்கு மஞ்சள் ஒளியைத் தருவன அதனுள்ளே கனன்று ஒளிரும் நுண்ணிய கரித்துகள்கள். அவை சுடரின் விளிம்பை அடைந்து முற்றாக எரிந்துவிடின் புகை இல்லை. எரியாமல் தப்பினால், அவையே கரும்புகை. கண்மை செய்வதற்காக எரியும் சுடரின்மேற் தட்டைப் பிடித்துக் கரி சேர்த்த நம் மூதாட்டியர் இதனைக் கையாற் கண்டவர்கள். தட்டிற் படியும் அக்கரியே, தட்டில்லாதபோது வீட்டுச் சுவரிலும் நெஞ்சிலும் படிகின்றது.

கரித்துகள் எரியாமல் தப்புவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, நீண்ட திரி. அது வேண்டியதற்கு மிஞ்சி மெழுகை உறிஞ்சுவதால், சுடர் நெடிதாகிப் புகைகின்றது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன், குளிர்ந்த திரியைக் கால் அங்குல அளவுக்கு நறுக்குதல் வேண்டும், நகவெட்டியே போதும். நறுக்கிய துண்டும் தீக்குச்சியும் உருகிய மெழுகில் விழலாகாது. இரண்டாவது, அலைக்கும் காற்று. சுடர் துடித்தால் எரிதல் குலையும். யன்னலோரத்தையும் காற்று நேரே பாயும் வாசலையும் தவிர்த்து, அசையாத இடத்தில் வைத்தல் வேண்டும். மூன்றாவது, காற்றுப் போதாமை. ஒடுங்கிய ஆழமான போத்தலுள் பெருந்திரி எரிந்தால், மூச்சு முட்டியவர்போலச் சுடர் புகையும். அதற்காக அறையை முற்றாக அடைத்துவிடலும் ஆகாது; சுடருக்கு நேரே படாதவாறு ஒரு யன்னல் திறந்திருத்தல் நலம்.

அணைக்கும்போதும் ஒரு முறையுண்டு. ஊதி அணைத்தால் எழும் வெண்புகை, எரியாமல் எஞ்சிய மெழுகின் ஆவியாகும். சிறு கம்பியால் திரியை உருகிய மெழுகினுள் அமிழ்த்தி, உடனே நிமிர்த்திவிட்டால் அப்புகை எழாது. மறுமுறை ஏற்றுவதும் எளிதாகும்.

புகையிலும் கொடியது தீ. நம் நாட்டில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குகள் கவிழ்ந்து எரிந்தோர் பலர். அத்தகையோருக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதிற் கவிழாத குட்டையான கனத்த கண்ணாடி விளக்கொன்றை அமைத்தார். உருண்டோடாதவாறு அதற்குத் தட்டையான பக்கங்களும், எண்ணெய் சிந்தாதவாறு திருகு மூடியும் இருந்தன. அதற்காக 1998ஆம் ஆண்டு ரோலெக்ஸ் விருதும் பெற்றார். அவ்விளக்கு கற்பிக்கும் பாடம் மெழுகுதிரிக்கும் உரியது. பிளாஸ்ரிக் மூடியிலும் மேசை விளிம்பிலும் அதனை ஒட்டிவைத்தல் ஆகாது. மணல் நிரப்பிய மண்சட்டியில் நட்டு, நுளம்புவலை, திரைச்சீலை, கிடுகு, புத்தகக் கட்டு ஆகியவற்றுக்கு எட்டத்தில் வைத்தல் வேண்டும். உறங்குமுன் அணைத்துவிடுதல் கட்டாயம்.

இவற்றுள் எதுவும் செலவுக்குரியதன்று. ஒரு நறுக்கு, ஒரு சட்டி மணல், சிறிது கவனம் ஆகிய இவையே வேண்டுவன. இல்லாத காலத்திலும் எண்ணெயைத் துளிதுளியாக அளந்து எரித்துப் பிள்ளைகளைப் படிப்பித்த பெற்றோர் வாழும் மண் இது. அப்பிள்ளைகளின் பிள்ளைகள் மின்வெட்டு இரவிற் புத்தகம் விரிக்கும்போது, அவர்கள் பக்கத்தில் எரியும் சுடர் சிறிதாயினும் புகையாத சுடராக இருத்தல் வேண்டும்.