ஒன்றேகால் மணிப் பயணமா, ஒரு நாள் பயணமா?

(மலையகத்திலிருந்து வந்து வடக்கில் வாழும் குடும்பங்களைக் கொடிகாமத்தில் சந்தித்தபோது நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இப்போது மகளோடு கொடிகாமத்தில் இருக்கிறார். அவருடைய அக்கா குடும்பம் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இந்தியா போய்க் கோத்தகிரியில் குடியேறியது. அக்காவுக்குக் கடுமையான வருத்தம் என்று செய்தி வந்தது. "பலாலியில ஏறினா ஒன்றேகால் மணியில சென்னை. அன்னைக்கே அக்காவப் பாத்திடலாம்" என்று அம்மா புறப்பட்டார். சென்னையில் இறங்கிய பிறகுதான் கோத்தகிரிக்கு இன்னும் ஓர் இரவுப் பயணம் இருப்பது தெரிந்தது. இரவுக் கோச்சியில் இடம் இல்லை. விடியும்வரை ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மத்தியானம் அக்கா கண்ணை மூடினார். தங்கை போய்ச் சேர்ந்தபோது இரவாகிவிட்டது.

ஆகவே இந்தக் கணக்கைச் சரியாகப் பார்ப்போம்.

பலாலியும் சென்னையும் கிட்டத்தட்ட நேர் தெற்கு வடக்கு. ஆகாய வழியில் சுமார் 355 கிலோமீற்றர். 2019 நவம்பரில் இந்தப் பயணிகள் சேவை தொடங்கியது. கொரோனாவால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. கட்டுநாயக்கவிலிருந்து சென்னை சுமார் 645 கிலோமீற்றர். தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு, ஆனால் பறக்கும் நேரம் அவ்வளவு கூடாது. ஏன்? பலாலிக்கு வருவது விசிறி வைத்த சிறிய ஏ.டி.ஆர். விமானம். கட்டுநாயக்கவில் ஏறுவது வேகமான ஜெட். ஆகவே தூரத்தை மட்டும் பார்த்து நேரத்தைச் சொல்ல முடியாது.

இன்னொரு நல்ல விஷயம். 2006 ஏப்ரல் முதல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்தான். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

கொழுந்து நிறுக்கும்போது கூடைக்குக் கழிப்பார்கள். பயணக் கணக்கில் எதையும் கழிக்காதீர்கள், எல்லாவற்றையும் கூட்டுங்கள். கொடிகாமத்திலிருந்து பலாலிக்குப் போகும் நேரம். விமானத்துக்கு மூன்று மணி முன்னதாகப் போய்ச் சேரும் நேரம். பறக்கும் ஒன்றேகால் மணி. சென்னையில் குடிவரவுச் சோதனை, பொதி எடுத்தல். அங்கிருந்து ஸ்டேஷன். இரவு ஏறினால் விடியலில் மேட்டுப்பாளையம். பிறகு மலை ஏறும் பஸ். கூட்டிப் பார்த்தால் ஒரு முழு நாள் வந்துவிடும்.

தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்லுங்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் ஏ-9 வீதியில் 321 கிலோமீற்றர். ஹட்டன் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குக் கட்டுநாயக்கவே கிட்ட. இங்கே இருப்பவர்களுக்குத்தான் பலாலி வசதி.

நம்முடைய பாட்டன் பூட்டன் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். அந்தக் கடல் தூரம் 30 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் ஊரை விட்டு மலைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆனது! அன்றைக்கும் கடலைத் தாண்டுவது சிறு பங்குதான், இன்றைக்கும் அப்படித்தான்.

எனவே விமான டிக்கெட் எடுக்குமுன் பாஸ்போர்ட், விசா சரியா என்று பாருங்கள். சென்னைக்கு அப்பால் போகும் கோச்சிக்கும் அன்றைக்கே இடம் பதியுங்கள். அந்தப் பயணத்துக்கான காசைத் தனியாக முடிந்து வையுங்கள். விமான நேரம் மாறும், புறப்படுமுன் ஒரு தடவை கேளுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அந்த அம்மாவுக்குக் கிடைக்காத ஓர் இரவு உங்களுக்காவது கிடைக்கட்டும்.