ஆற்றில் வெள்ளம் வந்தால் மேலே மழையா?
(தஞ்சாவூரில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கல்லூரியில் மெய்யியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் பெற்றோர் முதலில் தேடி வருவது உங்களைத்தான். "சார், பொண்ணு தத்துவம் படிக்கணும்னு சொல்லுது. அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று ஒரு விவசாயி கேட்டால் என்ன சொல்வீர்கள்? உங்கள் வாயிலிருந்து வரும் இரண்டு வாக்கியம் அந்தப் பிள்ளையின் மூன்று ஆண்டுகளைத் தீர்மானித்துவிடும். அதனால்தான் இதைப் பேச வந்திருக்கிறேன்.

முதலில், அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பலர் நினைப்பதுபோல் அது சாமியார் ஆவதற்கான படிப்பு அன்று. அளவையியல், அறவியல், இந்திய மெய்யியல், மேலை மெய்யியல் ஆகியவை அதன் அடிப்படைப் பாடங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரு கேள்வி: 'இது உண்மை என்று உனக்கு எப்படித் தெரியும்?'

இந்தக் கேள்வி நம் ஊருக்குப் புதிதன்று. காவிரி கடலோடு கலக்கும் புகாரில் பிறந்தவள் மணிமேகலை. அவள் பெயரில் அமைந்த காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் பல சமயத்தாரையும் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அங்கே அளவைவாதி, கண்ணால் காணாததை எப்படி அறிவது என்று விளக்குகிறான். சூல்கொண்ட மேகத்தைப் பார்த்து மழை வரும் என்பது ஒரு வகை. ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்பது இன்னொரு வகை. காட்டில் எழும் ஒலியைக் கேட்டு அங்கே யானை உண்டு என்பது மூன்றாவது வகை.

இரண்டாவது உதாரணத்தை நம் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். ஜூன் மாதம் வெண்ணாற்றில் தண்ணீர் வருகிறது. 'அப்படியானால் மேலே மழை பெய்ததா?' என்று கேளுங்கள். 'ஆமாம்' என்று ஒரு பிள்ளை சொல்லும். 'இல்லை சார், மேட்டூரைத் திறந்திருக்காங்க' என்று இன்னொரு பிள்ளை சொல்லும். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு, குறுவைக்கு ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்பது டெல்டாப் பிள்ளைகளுக்குத் தெரியும். மூன்றாவது பிள்ளை விடாது: 'அணைக்கு ஏது சார் தண்ணி? குடகுல எப்பவோ மழை பெஞ்சிருக்கணும்ல?'

இந்த மூன்று பிள்ளைகளும் மெய்யியலுக்குள் வந்துவிட்டார்கள். நியாய சூத்திரத்திலேயே இந்தத் தடை எழுப்பப்படுகிறது. ஆற்றைக் குறுக்கே அடைத்தாலும் தண்ணீர் பெருகுமே, பிறகு வெள்ளத்தைக் கண்டு மழையை எப்படி ஊகிப்பது? அதன் உரையில் தரப்படும் விடை அருமையானது. வெறும் பெருக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. வேகம், நுரை, அடித்து வரும் இலை, காய், கட்டை எல்லாவற்றையும் சேர்த்துப் பார். அதாவது, ஊகிப்பது தவறில்லை. காரணத்தை முழுதாகப் பார்க்காமல் ஊகிப்பதுதான் தவறு. நாற்றங்கால் விடுவதா, பொறுப்பதா என்று முடிவு செய்யும் விவசாயி ஒவ்வோர் ஆண்டும் செய்வது இதே வேலைதான். கைபேசியில் வரும் வதந்தியைப் பரப்புமுன் நிதானிக்கும் மாணவரும் இதையே செய்கிறார்.

அடுத்தது, வேலை. இங்கே மழுப்பக் கூடாது. மெய்யியல் பட்டம் நேரே ஒரு வேலைக்குக் கொண்டுபோய் விடாது. பள்ளி ஆசிரியராக விரும்பும் பிள்ளை, பி.எட். சேர்க்கைக்கும் பணி நியமனத்துக்கும் எந்தப் பட்டங்கள் ஏற்கப்படுகின்றன என்பதை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் சேர்த்துவிடுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம். அதே நேரம், எந்தப் பட்டம் இருந்தாலும் போதும் என்ற வழிகளும் பல இருக்கின்றன. மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, குடிமைப் பணித் தேர்வு, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வுகளில் பல பதவிகள், இதழியல் எல்லாம் அப்படிப்பட்டவை. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் மெய்யியல் ஒரு விருப்பப் பாடமாகவே இருக்கிறது.

நாம் ஆசிரியர் நாள் கொண்டாடுகிறோமே, அந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தவர். வேலூரில் படித்துவிட்டு, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மெய்யியல் பயின்றார். வசதியில்லாத குடும்பம். உறவினர் ஒருவர் படித்து முடித்த மெய்யியல் புத்தகங்கள் கைக்கு வந்ததால் அந்தப் பாடத்தை எடுத்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் அங்கே இந்திய சிந்தனை மீது வைக்கப்பட்ட விமரிசனங்கள் அவரைத் துளைத்தன. அவற்றுக்கு விடை தேடி வேதாந்தத்தின் அறவியலைப் பற்றி முதுகலை ஆய்வுரை எழுதினார். 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். கிடைத்த புத்தகத்தால் உள்ளே போனார். எழுந்த கேள்வியால் அங்கேயே நிலைத்தார்.

என் வகுப்புக்கும் இரண்டு விதமாகப் பிள்ளைகள் வந்தார்கள். கேள்வியோடு வந்தவர்கள் சிலர். வேறு எங்கும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள் பலர். இரண்டாவது வகையில் சிலர், முதலாண்டு அளவையியலில் ஒரு வாதத்தின் ஓட்டையைத் தாமே கண்டுபிடித்த நாளிலிருந்து மாறிப்போனதைப் பார்த்திருக்கிறேன். மாறாமலே மூன்றாண்டைக் கழித்தவர்களும் உண்டு. ஆகவே, இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக யாரையும் அனுப்பாதீர்கள். வேலை இல்லை என்பதற்காகக் கேள்வியுள்ள பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம்.

அப்படிப்பட்ட பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது? விடை சரியாக வந்த பிறகும் 'ஏன் சார்?' என்று நிற்கும் பிள்ளை; நண்பன் சொன்னதை மறுக்குமுன் அவன் சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொல்லத் தெரிந்த பிள்ளை; தன் கருத்தை மாற்றிக்கொள்ள வெட்கப்படாத பிள்ளை. பெற்றோர் வரும்போது இந்த மூன்றையும் சொல்லுங்கள். வேலை நிலவரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பட்டம் முடித்த பின் என்ன படிப்பது என்பதை இப்போதே பேசி வையுங்கள். முடிவை அவர்களே எடுக்கட்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு முறையாவது, சரியான விடை சொன்ன குழந்தையிடமும் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். தவறாகச் சொன்னவரிடம் மட்டும் கேட்டால் அது அதட்டலாகத்தான் காதில் விழும். எல்லாரிடமும் கேட்டால் அது பாடமாகும்.