பிழைப்பாரா என்னும் கேள்வி

(மார்சிலிங் குடியிருப்பாளர்களிடையே ஆற்றிய உரை)



இப்பேட்டையில் ஒருவருக்குக் கடுநோய் கண்டால், முன்னர் ஈசூனில் 2010இல் திறக்கப்பெற்ற கூ டெக் புவாட் மருத்துவமனைக்கு விரைந்தோம். 2024இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பெற்ற உட்லண்ட்ஸ் சுகாதார வளாகம் இப்போது இன்னும் அருகில் உள்ளது. மருத்துவமனை எதுவாயினும், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் குடும்பத்தார் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், அப்பா பிழைத்துக்கொள்வாரா?"

ஒரு காலத்தில் மருத்துவர் தம் அனுபவத்தைக் கொண்டு மட்டுமே இதற்கு விடை சொன்னார். அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் நாவுஸ் குழுவினர் 1981இல் ஒரு மதிப்பெண் முறையை வகுத்து, 1985இல் அதனைச் சுருக்கித் திருத்தினர். 'அப்பாச்சி 2' என்பது அதன் பெயர். நோயாளி சேர்ந்த முதல் 24 மணி நேரத்தில் நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், உடற்சூடு, மூச்சு, உணர்வு நிலை, இரத்தத்தின் உப்பு முதலிய 12 அளவைகளில் மிக மோசமானவற்றை எடுத்து, வயதுக்கும் நாட்பட்ட நோய்க்கும் உரிய புள்ளிகளைக் கூட்டுவர். 71 வரை போகலாம். எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். 1996இல் வெளிவந்த 'சோஃபா' என்னும் முறை நுரையீரல், இதயம், ஈரல், சிறுநீரகம், மூளை, இரத்தம் உறைதல் ஆகிய ஆறுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி இடுகிறது. இதனை நாள்தோறும் கணக்கிடலாம். முதல் நாள் எண்ணைவிட, இரண்டு மூன்று நாளில் அது இறங்குகிறதா ஏறுகிறதா என்பதே எங்களுக்கு அதிகம் சொல்லும்.

இனி, இவ்வெண்ணைக் கேட்போர் தவறாகக் கொள்ளும் இடத்தைச் சொல்ல வேண்டும். "நூற்றில் நாற்பது பேர் பிழைப்பர்" என்று நாங்கள் சொன்னால், அது அதே எண் பெற்ற நூறு பேரைப் பற்றிய பேச்சு. உங்கள் தந்தையார் அந்த நாற்பதில் ஒருவரா, எஞ்சிய அறுபதில் ஒருவரா என்பது அவ்வெண்ணுக்குத் தெரியாது. உயர்ந்த எண்ணோடு வந்து நடந்து வீடு திரும்பியோரைக் கண்டிருக்கிறோம். குறைந்த எண்ணோடு வந்து, ஐந்தாம் நாள் புதிய தொற்றுக்கு இரையானோரையும் கண்டிருக்கிறோம். மேலும், பழைய நோயாளிகளின் கணக்கிலிருந்து பிறந்த முறை இன்றைய சிகிச்சைக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து எவருடைய மூச்சுக் கருவியையும் நாங்கள் நிறுத்துவதில்லை. ஐயப்பாடு மிகுந்த இடத்தில், "சில நாள் முழு முயற்சி செய்வோம், பின்னர் மீண்டும் அமர்ந்து பேசுவோம்" என்று குடும்பத்தாரிடம் கூறுகிறோம். இது தட்டிக்கழிக்கும் பேச்சன்று.

எண்ணால் சொல்ல இயலாத இன்னொன்றும் உண்டு. பிழைத்தபின் படுத்த படுக்கையாய் வாழ அவர் இசைவாரா? குழாய் வழி உணவை விரும்புவாரா? இதனை அறிந்தவர்கள் நீங்கள். ஆனால் பல குடும்பங்களில் இக்கேள்வி எழுந்ததே இல்லை. சாவைப் பற்றிப் பேசினால் சாவு வரும் என்னும் அச்சம் நம்மவரிடம் வலிது. அந்நிலையில் மூத்த மகன் ஒன்று சொல்வார், இளைய மகள் வேறொன்று சொல்வார். நடுவில் தாயார் அழுதபடி நிற்பார். இக்காட்சியை நாங்கள் காணும்போதெல்லாம், அவர் நன்றாயிருந்த நாளில் ஒரு மணி நேரம் பேசியிருக்கலாகாதா என்றே நினைக்கிறோம்.

சிங்கப்பூரில் இதற்கு வழி உண்டு. முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடலில், பயிற்சி பெற்ற ஒருவர் துணையோடு உங்கள் விருப்பத்தைப் பதிவு செய்து, உங்களுக்காகப் பேசுபவரையும் குறிக்கலாம். பின்னர் மனம் மாறினால் பதிவையும் மாற்றலாம். 1996ஆம் ஆண்டின் முன்கூட்டிய மருத்துவ உத்தரவுச் சட்டம் வேறு. குணமாகா நோயின் இறுதிக் கட்டத்திற்கு மட்டுமே உரியது. 21 வயது நிரம்பியவர், இரு சாட்சிகள் முன் கையொப்பமிட வேண்டும். அவர்களுள் ஒருவர் மருத்துவராயிருத்தல் வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். தம் தாயாரைப் பற்றித் தனியே கேட்க விரும்புவோர், கூட்டம் முடிந்தபின் சற்று நில்லுங்கள்.