சென்னையை நாமும் சுற்றிப் பார்ப்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே எத்தனை பேர் சென்னைக்குப் போயிருக்கீங்க? நிறையக் கை தூக்கியிருக்கு, சந்தோஷம். எதுக்காகப் போனீங்கன்னு கேட்டா, பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்குன்னு சொல்றீங்க. மீதிப்பேர் கல்யாணம், சாவு. சுற்றிப் பார்க்கப் போனவங்க ரொம்பக் குறைவு. வீட்டு ஆம்பளைங்க ஊர் பார்க்கப் போறாங்க, பிள்ளைங்க பள்ளிக்கூடச் சுற்றுலா போறாங்க. அம்மா மட்டும் வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். குடும்பத்தோட போனாலும் ஓர் ஓரமாப் பையைக் காத்துக்கிட்டு உட்கார்றது அவள்தான். இதை மாற்றணும். அதுக்காகத்தான் இன்னிக்கு இந்தப் பேச்சு.

முதல் விஷயம் பணம். இதுக்காகக் குழுக்கடன் வாங்காதீங்க, தண்டல்காரர்கிட்டயும் போகாதீங்க. சந்தா சேமிப்பைத் தொடாமல், தனியா வாரம் 30 ரூபாய் போட்டுக்கிட்டு வாங்க. 52 வாரத்தில் 1,560 ரூபாய் ஆகும். பத்து உறுப்பினர் சேர்ந்தா கையில் 15,600 ரூபாய். கணக்கைத் தனி நோட்டில் எழுதுங்க.

இரண்டாவது, எங்கே போகலாம்? நம்ம தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கத்து ரயில்கள் பலவும் எழும்பூருக்குத்தான் போகுது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியகம் இருக்கு. 1851ல் தொடங்கினது. பிள்ளைங்க திமிங்கலத்தோட எலும்புக்கூட்டைப் பார்த்து வாயைப் பிளப்பாங்க. நமக்கு அங்கே இன்னொரு விஷயம் இருக்கு. நம்ம பக்கத்து மண்ணுக்கடியில் கிடைச்ச செப்புத் திருமேனிகள் அங்கேதான் இருக்கு. நாகப்பட்டினத்துப் புத்தர் சிலைகளும் இருக்கு. நம்ம ஊர்ப் பொருளை நாம பார்க்காம இருக்கலாமா? வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை, ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்து, எழும்பூரில் மின்சார ரயில் ஏறினா அடுத்த ஸ்டேஷன் பார்க். இறங்கி, பக்கத்திலிருக்கும் பார்க் டவுன் ஸ்டேஷனில் வேளச்சேரி பக்கம் போகிற பறக்கும் ரயில் பிடிச்சு, கோட்டூர்புரத்தில் இறங்குங்க. அங்கே பிர்லா கோளரங்கம் இருக்கு. இருட்டு அறையில் சாய்ந்து உட்கார்ந்தா தலைக்கு மேலே நட்சத்திரமெல்லாம் தெரியும், தமிழிலேயே விளக்கம் சொல்வாங்க. தமிழ்க் காட்சி எத்தனை மணிக்குன்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க. பக்கத்திலேயே 2010ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். கட்டணம் இல்லை. குழந்தைகளுக்குன்னு தனிப் பகுதி, நடுவில் செயற்கை மரம். பெரிய கட்டடமா இருக்கேன்னு வாசலிலேயே நிற்காதீங்க. அது அரசு நூலகம், நமக்கும் சொந்தம்.

சாயங்காலம் அதே பறக்கும் ரயிலில் திரும்பி வந்து திருவல்லிக்கேணியில் இறங்கினா மெரினா. மணலில் நடக்க முடியாத மாமியார், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் இருந்தா, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022ல் போட்ட மரப்பாதை இருக்கு. சக்கர நாற்காலியிலேயே அலைகிட்டப் போகலாம்.

வண்டலூர் உயிரியல் பூங்காவை இதே நாளில் சேர்க்காதீங்க. ஏறக்குறைய 1,500 ஏக்கர், அதுக்கே ஒரு முழு நாள் வேணும். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் பக்கம்தான். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

சென்னைக்குள்ளே சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. கூட வரும் ஆண்களுக்கு டிக்கெட் வாங்கணும்.

மூன்றாவது, பாதுகாப்பு. இதைக் கவனமாக் கேளுங்க.

1. மெரினாவில் கடலுக்குள் இறங்கக் கூடாது. பார்க்க அமைதியா இருக்கும், ஆனா அலை திரும்பும்போது உள்ளே இழுத்துவிடும். நீச்சல் தெரிந்தவங்களும் பலியாகியிருக்காங்க. பிள்ளையின் கையை விடாதீங்க.

2. ஒவ்வொரு பிள்ளை சட்டைப் பையிலும் அம்மா போன் நம்பரைச் சீட்டில் எழுதி வையுங்க. கூட்டம் பிரிஞ்சா எங்கே வந்து நிற்கணும்னு ஒவ்வொரு இடத்திலும் முதல்லயே பேசி வையுங்க.

3. குழந்தைகள் உதவிக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112.

4. கழிப்பறைக்குப் பயந்து நம்ம பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்கிறதில்லை. உடம்புக்கு அது கெடுதல். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கழிப்பறை எங்கேன்னு கேளுங்க. கேட்கிறதில் வெட்கம் ஒண்ணுமில்லை.

5. பையைப் பார்த்துக்கொள்வது முறைவைத்து நடக்கணும். ஒரு மணி நேரம் அக்கா, ஒரு மணி நேரம் தங்கச்சி, ஒரு மணி நேரம் வீட்டுக்காரர்.

"இதெல்லாம் வீண் செலவு"ன்னு வீட்டில் சொல்வாங்க. நடவுக்கும் களையெடுப்புக்கும் வருஷம் முழுக்க ஓடுறோம். ஒரு நாள் நம்ம பணத்தில், நம்ம பிள்ளையோட, பயமில்லாம ஒரு பெரிய ஊரைப் பார்த்துட்டு வர்றது வீண் இல்லை. தானே டிக்கெட் எடுத்து, வழி கேட்டு, ரயில் மாறிப் போய்வந்த பெண், நாளைக்கு பேங்குக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் தனியாப் போகத் தயங்கமாட்டாள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, எந்த மாதம் போகலாம், யார் யார் வருவாங்கன்னு ஒவ்வொரு குழுவும் பேசி, தீர்மான நோட்டில் எழுதிக் கொண்டு வாங்க.