கொடும்பாளூர்க் கோமகளும் கோடிக்கரை ஓடக்காரியும்



இளையோர் விரும்பிப் படிக்கும் வரலாற்றுப் புதினத்தில் அழகும் நட்பும் குலமும் எவ்வாறு இயங்குகின்றன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். புதுக்கோட்டைச் சீமையில் நின்று இதைப் பேசுவோர்க்குப் 'பொன்னியின் செல்வன்' நெருங்கிய நூல். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த அப்புதினத்தின் வானதி, நம் கொடும்பாளூர்ப் பெண் அல்லவா?

வானதி, பெரிய வேளார் பூதி விக்கிரமகேசரியின் தம்பி மகள். தந்தையை ஈழப் போரில் பறிகொடுத்தவள். பழையாறை அரண்மனையில் இளையபிராட்டி குந்தவையின் உயிர்த்தோழி ஆகிறாள். இந்நட்பைப் போற்றாத வாசகர் இல்லை. ஆனால் இது சக்கரவர்த்தியின் மகளுக்கும் சிற்றரசர் குலக் கொடிக்கும் இடையிலான நட்பு. அங்கே ஏணியின் இரு படிகளே உள்ளன. ஏணிக்கு வெளியே நிற்பவர் எவரும் இல்லை.

வெளியே நிற்பவர்களைக் கல்கி அழகின் வழியாகக் காட்டுகிறார். நந்தினியின் அழகு ஆதித்த கரிகாலனின் நெஞ்சைக் கவர்கிறது. குலம் அறியாதவள் என்பதால் அவள் அரண்மனையிலிருந்து விலக்கப்படுகிறாள். ஈழத்துக்கு அருகே ஒரு தீவில் சுந்தர சோழர் கண்ட மந்தாகினிக்கும் அரியணை அருகே இடமில்லை. உயர்குடிப் பெண்ணுக்கு அணிகலனாகும் அழகு, எளிய குடிப் பெண்ணுக்கு ஆபத்தாகிறது. ஓவியர் மணியத்தின் கோட்டோவியங்களிலும், 2022, 2023 ஆண்டுகளில் வந்த திரைப்படங்களிலும் அப்பேரழகில் திளைத்த நம் இளைஞர்களுக்கு இதை எடுத்துச் சொல்லல் வேண்டும்.

கோடிக்கரைப் பூங்குழலி இதை நன்கு உணர்ந்தவள். கலங்கரை விளக்கக் காவலரின் மகளாகிய அவளுக்கு மந்தாகினி அத்தை முறை. அத்தையின் வாழ்வே அவளுக்குப் பாடம். அவளும் வானதியும் பொன்னியின் செல்வரையே மனத்தில் வைத்தவர்கள். பூங்குழலியின் சுடுசொல் தைத்தபோது, சோழ சிங்காதனத்தில் ஒருநாளும் அமரமாட்டேன் என்று வானதி சூளுரைக்கிறாள். காவிரி வெள்ளத்தில் கூரையோடு மிதந்த அதே வானதியைக் காக்கப் பூங்குழலி விரைகிறாள். இப்புதினத்தில் நட்பு உண்மையாகச் சோதிக்கப்படும் இடம் பழையாறை நந்தவனம் அன்று. இந்த வெள்ளமே என்பது என் துணிபு. வெள்ளத்துக்குக் கோமகள், ஓடக்காரி என்ற வேற்றுமை ஏது?

எனினும் முடிவு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பூங்குழலி பூக்கைங்கரியம் செய்யும் சேந்தன் அமுதனை மணக்கிறாள். பின்னர் அவனே அரச குமாரன் எனத் தெரிய, ஓடக்காரி அரசியாகிறாள். பிறப்பின் சுவரை ஆசிரியர் இடிக்கவில்லை. பிறப்பின் இரகசியம் ஒன்றைக் கொண்டு அதில் ஒரு கதவு திறந்தார். அமுதன் கடைசிவரை பூத்தொடுப்பவனாகவே இருந்திருந்தால், அந்தக் காதலுக்கு நாம் இதே மதிப்பை அளித்திருப்போமா? இக்கேள்வி கல்கிக்குரியது அன்று, நமக்குரியது.

விராலிமலைக்கு அருகே உள்ள மூவர் கோவிலுக்குச் செல்லுங்கள். பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களாலும் எடுப்பித்த மூன்று தளிகளில் இன்று இரண்டே நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. தளி இடிந்தும் தேவியரின் பெயர் கல்வெட்டில் வாழ்கிறது. அக்கல்லைச் சுமந்தவர்களின், செதுக்கியவர்களின், அவர்களுக்குக் கூழ் கொண்டுவந்த பெண்களின் பெயர்களை அக்கல்வெட்டு சொல்லவில்லை.

அந்தப் பெண்களுள் ஒருத்திக்குப் பெயரிட்டு, அவளுக்கு ஒரு தோழியைத் தந்து, எந்த அரச இரகசியத்தின் துணையும் இன்றி அவளை அழகியாகக் காட்டும் நூலை இவ்வட்டத்தின் இளங்கவிஞர் ஒருவர் எழுத வேண்டும். நம் இருபதாம் ஆண்டு மலர் அந்நூலைப் பாராட்டும் பேறு பெறட்டும்.